மடக்குப் போனைப் பெரியவர்களுக்குப் பழக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் மாமியாருக்கு 74 வயதில் மடக்குப் போன் வாங்கிக் கொடுத்தபோது, அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. அத்தைக்குப் புரியாமல் இல்லை. மெனுவில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் நான் விளக்கிக்கொண்டே போனதுதான் தவறு. அப்புறம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சாயங்காலம் அத்தையோடு உட்காருகிற நான்கு பேருக்கும் பழக்கினேன். அவர்கள் எல்லாரும் தடுமாறிய இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன.

அந்த அனுபவத்தில் எனக்குப் பிடிபட்ட வரிசையில் இதை எழுதியிருக்கிறேன். நோக்கியா 2660 ஃபிளிப் போன்ற, பட்டன் வைத்த 4ஜி மடக்குப் போன் மனதில் இருக்கிறது. வேறு மாடல் என்றால் மெனுவின் பெயர்கள் மாறும், வரிசை அப்படியே பொருந்தும்.

1. வாங்கும் முன்: 4ஜியில் பேச முடிகிறதா?

மேசை இழுப்பறையில் பழைய மடக்குப் போன் கிடக்கிறதே, அதையே கொடுத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரல் 1-ல் நின்றுவிட்டது. 3ஜியும் 2024-ல் முடிந்தது. அந்தக் காலத்துப் போன் சார்ஜ் ஏறும், திரையில் வெளிச்சம் வரும், ஆனால் சிக்னல் வராது.

பெட்டியில் 4ஜி என்று இருந்தால் மட்டும் போதாது. 4ஜி வழியாகவே குரல் போகும் வோல்ட்இ வசதி இருக்க வேண்டும். அது உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பிலும் வேலை செய்ய வேண்டும். ஊரிலிருந்து யாராவது வாங்கி வந்த போன் என்றால் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

இன்னொன்று, இப்போது பலரும் இசிம்முக்கு, அதாவது அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்முக்கு, மாறிவிட்டார்கள். சாதாரண மடக்குப் போனில் அட்டை சிம்தான் போகும். பழைய எண் இசிம்மில் இருந்தால், அதே எண்ணுக்கு அட்டை சிம் கேட்டு வாங்குங்கள். எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம்), வங்கி, பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) என்று எல்லாவற்றிலும் அந்த எண்தான் பதிவாகியிருக்கும்.

2. கையில் கொடுக்கும் முன் நீங்கள் தனியே செய்ய வேண்டியவை

இந்த வேலைகளைப் பெரியவரின் முன்னால் செய்யாதீர்கள். நீங்கள் பத்து மெனுவுக்குள் போய் வருவதைப் பார்த்தால், “இதெல்லாம் நமக்கு வராது” என்ற முடிவுக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடுவார்கள்.

முதலில் பேட்டரி, சிம், முழுச் சார்ஜ். சிம் போடும்போது வெட்டப்பட்ட மூலை எந்தப் பக்கம் என்று பின்பக்கத்தில் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். தலைகீழாகப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

அடுத்து தேதியும் நேரமும். இது தவறாக இருந்தால் மெசேஜ் வந்த நேரமும் அழைப்பு வந்த நேரமும் தவறாகக் காட்டும். அலாரமும் கெட்டுவிடும்.

எழுத்தின் அளவை இருப்பதிலேயே பெரிதாக்குங்கள். மெனு மொழியில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே மாற்றிவிடாமல் முதலில் அவரிடம் கேளுங்கள். அத்தைக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். ஆனாலும் 'மெசேஜ்', 'கான்டாக்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். தமிழ் மெனுவில் இருந்த சில சொற்கள் எனக்கே விளங்கவில்லை. பழகிய மொழி எதுவோ அதை வையுங்கள்.

அப்புறம், மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பல மடக்குப் போன்களில் நடுவில் இருக்கும் திசைப் பட்டனுக்குக் குறுக்குவழி வைத்திருப்பார்கள். விரல் பட்டால் இணையம் திறந்துகொள்ளும். முன்கட்டண அட்டையில் இருக்கும் வெள்ளி இப்படித்தான் தெரியாமல் கரைகிறது. அந்தக் குறுக்குவழிகளை அமைப்புகளில் காலியாக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள்.

கடைசியாகப் பெயர்கள். முப்பது நாற்பது பேரை ஏற்றாதீர்கள், ஆறு முதல் பத்து போதும். பட்டியல் நீண்டால் பெரியவர்கள் கீழ் அம்பை அழுத்தி அழுத்தி, வேண்டிய பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முக்கியமானவர்களின் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டுப் பதிந்தால் அவை பட்டியலின் தலையில் வந்து நிற்கும்.

எண்களை +65 சேர்த்தே பதியுங்கள். ஜோகூருக்கோ ஊருக்கோ போகும்போதும் அதே பெயரை அழுத்தினால் இணைப்பு கிடைக்கும். இந்தியா எண்ணென்றால் +91. சில போன்களில் பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் + வரும், வேறு சிலவற்றில் நட்சத்திரப் பட்டனை வேகமாக இரண்டு முறை தட்ட வேண்டும். வெளிநாட்டு அழைப்புக்கு மலிவான தனி முன்னெண் வைத்திருந்தால், ஊர் எண்களை அந்த முன்னெண்ணோடு பதிந்துவிடுங்கள். அவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவை இல்லை.

3. முதல் பாடம்: திரையின் அடிவரி

சரி, இப்போது போனைக் கையில் கொடுங்கள். இதற்கப்புறம் நீங்கள் அதைத் தொடவே கூடாது. “இப்படிக் கொடுங்க அத்தை, நான் பண்றேன்” என்று வாங்கினால் அன்றைய பாடம் வீணாகிவிடும். பட்டன் இருக்கும் இடத்தை அவர்கள் விரல்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது, காது இல்லை.

பச்சைப் பட்டன் பேச, சிவப்புப் பட்டன் நிறுத்த. இது எல்லாருக்கும் உடனே பிடிபடும். குழப்பம் திரைக்குக் கீழே இருக்கும் இடது, வலது பட்டன்களில்தான். அவற்றின் மேல் வெறும் கோடுதான் போட்டிருக்கும். ஏனென்றால் அவற்றுக்கென்று நிலையான வேலை கிடையாது. திரையின் அடிவரியில் இடது ஓரத்தில் எந்தச் சொல் தெரிகிறதோ அதுதான் அந்த நேரத்தில் இடது பட்டனின் வேலை. வலதுக்கும் அப்படியே.

இதைச் சொல்லாமல் விட்டால், “நேற்று இதே பட்டனை அழுத்தினேன், பெயர் வந்தது. இன்றைக்கு அழிக்கட்டுமா என்று கேட்கிறது” என்று பயந்துபோவார்கள். அவர்கள் பயப்படுவது நியாயம்தான். அதனால் மற்ற எதையும் தொடுவதற்கு முன், அடிவரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். “இடது பக்கம் என்ன எழுதியிருக்கு? வலது பக்கம்?” ஒவ்வொரு திரையிலும் இதையே கேளுங்கள். இரண்டு நாளில் கேட்காமலே படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வழி தெரியாமல் எங்கேயோ மாட்டிக்கொண்டால் சிவப்புப் பட்டனை ஒரு தட்டு தட்ட வேண்டும், முதல் திரைக்கு வந்துவிடலாம். இது மிகவும் தைரியம் கொடுக்கும் பட்டன். ஆனால் தட்டத்தான் வேண்டும். அழுத்திப் பிடித்தால் போன் அணைந்துவிடும். பெரியவர்களுக்குப் பட்டனை அழுத்திப் பிடிக்கும் பழக்கம் உண்டு. “கதவைத் தட்டுகிற மாதிரி, மணியை அழுத்துகிற மாதிரி இல்லை” என்று நான் சொன்னது நால்வரில் மூன்று பேருக்கு உடனே புரிந்தது. அணைந்துவிட்டால் அதே பட்டனை அழுத்திப் பிடித்து மறுபடி உயிர்ப்பிப்பதையும் ஒருமுறை செய்யவைத்துவிடுங்கள்.

4. அழைப்பை எடுப்பதும் வைப்பதும்

அழைப்பதைவிட எடுப்பதை முன்னால் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் தனியாக இருப்பவர் போனை எடுத்துவிட்டால் நமக்குப் பாதிக் கவலை போய்விடும்.

பெரும்பாலான மடக்குப் போன்களில் 'திறந்தால் எடுக்கும்' என்ற அமைப்பு உண்டு. தொடக்கத்தில் அதை வைத்துவிடுங்கள் என்பது என் கருத்து. மணி அடிக்கும்போது பதற்றத்தில் விரல் பச்சைப் பட்டனைத் தேடும், சிவப்பை அழுத்திவிடும். திறப்பது எளிது. இதில் ஒரு குறை உண்டு, யார் கூப்பிடுகிறார்கள் என்று உள்திரையில் பார்க்கும் முன்பே இணைப்பு வந்துவிடும். வெளிப்பக்கச் சிறு திரையில் பெயர் தெரிந்தால் அதைப் பார்த்துவிட்டுத் திறக்கப் பழக்குங்கள். கண் பார்வை குறைவென்றால், உங்கள் குடும்பத்து எண்களுக்குத் தனி மணியோசை வையுங்கள். அத்தை இப்போது காதாலேயே, “இது மகன், இது பேத்தி” என்று சொல்லிவிடுகிறார்.

பயிற்சிக்குப் பக்கத்து அறைக்குப் போய் நீங்கள் கூப்பிடுங்கள். எதிரில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டால் உங்கள் முகத்தைப் பார்த்தே பேசிவிடுவார்கள், போனைக் காதில் வைக்கமாட்டார்கள். குறைந்தது ஐந்து முறை செய்யுங்கள்.

பேச்சின் நடுவில் வரும் தவறு ஒன்று உண்டு. “இரு, அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்” என்று போனை மடக்கி மேசையில் வைத்துவிடுவார்கள். இணைப்பு துண்டித்துவிடும். மடக்கினால் பேச்சு முடிந்தது, இடையில் வைப்பதென்றால் திறந்தபடியே வைக்க வேண்டும். இதை வாயால் சொன்னது போதவில்லை, நானே வேண்டுமென்று, “அத்தை, பேனாவை எடுத்துட்டு வாங்க” என்று பேச்சின் நடுவில் கேட்டுப் பழக்கினேன்.

காதில் வைக்கும் இடமும் முக்கியம். ஒலி வருவது மேல்பாதியின் நுனியில் இருக்கும் சிறு துளையில். பலர் அதைக் கன்னத்துக்குக் கொண்டுபோய்விட்டு, “சத்தமே இல்லை” என்கிறார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் செவிப்புலன் கருவி போட்டிருந்தால், போனைச் சற்று மேலே தூக்கி அந்தக் கருவியின் ஒலிவாங்கிக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.

5. கூப்பிடுவது

எளியது விரைவழைப்பு. 2 முதல் 9 வரை உள்ள எண்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கிவிட்டால், அந்த எண்ணை அழுத்திப் பிடித்தாலே போதும். இங்கே தட்டினால் போதாது, அழுத்திப் பிடிக்க வேண்டும். 'தட்டுவது', 'பிடிப்பது' இரண்டும் வேறு என்று முதல் பாடத்திலேயே சொல்லியிருப்பதால் இப்போது சிக்கல் வராது. அந்தப் பாடத்தைத் தாண்டிவிட்டு இதற்கு வந்தால் கண்டிப்பாகக் குழம்பும்.

1-ஐ யாருக்கும் ஒதுக்க நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது குரலஞ்சலுக்கானது (வாய்ஸ்மெயில்). மூத்த மகனுக்கு 1 கொடுக்கவில்லையே என்று ஒரு பாட்டிக்கு வருத்தமாகவே இருந்தது. மகன் 2, மருமகள் 3 என்று சிறு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, போனின் பின்பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தேன்.

விரைவழைப்பு வந்த பிறகு பெயர்ப் பட்டியலுக்குப் போங்கள். பட்டியலைத் திறந்து, கீழ் அம்பில் இறங்கி, பெயரில் நின்று, பச்சைப் பட்டனைத் தட்ட வேண்டும். எட்டு இலக்க எண்ணை நேராக அழுத்துவது கடைசியில். அழுத்தும்போது ஓர் இலக்கம் தவறினால் எல்லாவற்றையும் அழித்துத் தொடங்குகிறார்கள். வலது பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் கடைசி இலக்கம் மட்டும் போகும் என்று அடிவரியைக் காட்டிச் சொல்லுங்கள்.

6. “மணி அடிக்கவே இல்லை”

இந்தப் புகார் வராத வீடு இருக்காது. மூன்று காரணங்களைத்தான் நான் பார்த்தேன். பக்கவாட்டில் இருக்கும் ஒலிப் பட்டனில் விரல் பட்டு ஒலி குறைந்திருக்கும். இல்லையென்றால் ஹாஷ் பட்டனை நீளமாகப் பிடித்திருப்பார்கள், பல மாடல்களில் அது மௌன முறைக்கான குறுக்குவழி. மூன்றாவது, போன் கைப்பையின் அடியில் குடைக்கும் மருந்துப் பைக்கும் கீழே கிடந்திருக்கும்.

திரையின் மேல்வரியில் மௌன முறையின் சின்னம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை நீங்களே வைத்துக் காட்டுங்கள், எடுத்தும் காட்டுங்கள். மணியோடு அதிர்வையும் சேர்த்து வையுங்கள். எம்ஆர்டியிலும் ஈரச்சந்தையிலும் அதிர்வுதான் உதவும்.

7. மெசேஜ்: முதலில் படிப்பது மட்டும்

எழுதச் சொல்லிக்கொடுப்பதை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். படிப்பதுதான் அவசியம். பலதுறை மருந்தகத்தின் நினைவூட்டல், ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் மெசேஜாகத்தான் வரும்.

உறை போன்ற சின்னம் தெரிந்தால் மெசேஜ் வந்திருக்கிறது. திறந்து, கீழ் அம்பை அழுத்தி முழுவதும் படிக்க வேண்டும். சிறிய திரையில் முதல் நான்கு வரி மட்டும் தெரிவதால், கடைசியில் இருக்கும் நேரத்தையோ இடத்தையோ பார்க்காமலே மூடிவிடுகிறார்கள். “கீழே இன்னும் இருக்கா?” என்று கேட்டுக் கேட்டுப் பழக்குங்கள்.

எழுத்தடிக்கும் பாடம் வந்தால், முதலில் ஊகிக்கும் எழுத்து முறையை அணைத்துவிடுங்கள். அது தானாகச் சொல்லை மாற்றும்போது, தாங்கள்தான் தவறாக அழுத்திவிட்டோம் என்று நினைக்கிறார்கள். 2-ஐ ஒருமுறை தட்டினால் முதல் எழுத்து, இரண்டு முறை தட்டினால் அடுத்த எழுத்து. ஒரே பட்டனில் அடுத்தடுத்து இரண்டு எழுத்து வேண்டுமென்றால் நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும். பூஜ்யத்தில் இடைவெளி. முழு வாக்கியம் தேவையில்லை, 'ஓகே', 'வருகிறேன்' என்ற அளவுக்கு ஆங்கில எழுத்தில் அடிக்கத் தெரிந்தாலே போதும். வார்ப்புருக்களில் (டெம்ப்ளேட்ஸ்) நீங்களே நான்கு பதில்களை எழுதிச் சேமித்துவைத்தால் இந்தப் பாடமே பாதியாகும்.

8. மோசடி அழைப்புகள்

பட்டன் போனில் மோசடி வராது என்று நம்பாதீர்கள். செயலியைப் பதிவிறக்கவைக்கும் வகைதான் வராது. பேசி ஏமாற்றுகிறவர்களுக்கு எந்தப் போனும் ஒன்றுதான். மோசடி அழைப்புகளைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்டு செயலியும் இதில் ஓடாது. அதனால் கண்ணால் பார்த்து அறியும் அடையாளங்களைச் சொல்லிவையுங்கள்.

2020 ஏப்ரல் முதல், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பின் எண்ணுக்கு முன்னால் + குறி தெரியும். ஊரில் உறவினர் இல்லாதவருக்கு + குறியோடு புது எண் வந்தால் எடுக்கத் தேவையில்லை. வெளிநாட்டு அழைப்புகளையே தடுக்கும்படி தொலைபேசி நிறுவனத்திடம் கேட்கலாம். ஆனால் ஊரிலிருந்து தங்கையோ அண்ணனோ கூப்பிடுவார்கள் என்றால் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். பெயர் பதிந்த எண் என்றால் மட்டும் எடுங்கள் என்று சொல்வதே போதும்.

மெசேஜில், பதிவு செய்யப்படாத பெயரில் வருபவற்றின் தலைப்பில் 2023 ஜனவரி இறுதியிலிருந்து 'லைக்லி ஸ்கேம்' என்று வருகிறது. அந்த இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிக் காட்டி, உருவத்தை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லாக வரும் எண்ணை யார் கேட்டாலும், வங்கி என்றாலும் போலீஸ் என்றாலும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணான 1799-க்கு எந்த நேரமும் கூப்பிட்டுக் கேட்கலாம். அந்த எண்ணையும் பெயர்ப் பட்டியலில் போட்டுவையுங்கள்.

9. அவசரப் பட்டன்

தனி அவசரப் பட்டன் உள்ள போன்களில், அதை அழுத்திப் பிடித்தால் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த எண்களை வரிசையாகக் கூப்பிடும். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். இதில் கவனிக்காமல் விடுகிற இடம் குரலஞ்சல். முதல் ஆளின் போன் குரலஞ்சலுக்குப் போய்விட்டால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று இது நினைத்துக்கொள்ளும், அடுத்த எண்ணுக்குப் போகாது. பட்டியலில் இருக்கும் எல்லாரும் தங்கள் குரலஞ்சலை நிறுத்திவைப்பது நல்லது. பகலில் போனை எடுக்க முடியாத வேலையில் இருப்பவரை முதலில் போடாதீர்கள். மகனைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் பொருத்தமாக இருக்கலாம்.

வைத்த பிறகு எல்லாருக்கும் சொல்லிவிட்டு ஒருமுறை உண்மையாகவே அழுத்திப் பாருங்கள். சோதனை செய்யாத அவசரப் பட்டனை நம்பக் கூடாது.

995 ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும், 999 போலீசுக்கும். இவற்றை விரலால் அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் பயிற்சிக்காகப் பச்சைப் பட்டன் வரை போகக் கூடாது. எண்ணை அடித்துக் காட்டிவிட்டு அழித்துவிடச் சொல்லுங்கள். வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லும் பயிற்சி கூடவே வேண்டும். புளோக் எண், மாடி, வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் எண். அத்தைக்கு அஞ்சல் எண் தெரியாது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

10. சின்னச் சின்ன வசதிகள்

டார்ச், அலாரம், வானொலி. இவற்றை விளையாட்டாக ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். மருந்து நேரத்துக்கு அலாரம் வைத்தால் 'தினமும்' என்று தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒருநாளோடு நின்றுவிடும். வானொலியில் ஒலி 96.8-ஐச் சேமித்துக் கொடுங்கள். சில மாடல்களில் காதொலிக் கம்பியைச் செருகினால்தான் அலைவரிசை பிடிக்கும், கம்பிதான் அங்கே ஆன்டெனா. அத்தை போனைத் தானாக விரும்பி எடுக்க ஆரம்பித்ததே வானொலிக்காகத்தான்.

11. வாட்ஸ்அப், சிங்பாஸ் என்ன ஆகும்?

சாதாரண மடக்குப் போனில் வாட்ஸ்அப், சிங்பாஸ் செயலி, பணம் அனுப்பும் பேநவ் எதுவும் ஓடாது. பழைய ஸ்மார்ட்போன் இருந்தால் அதை எறிந்துவிடாமல் வீட்டு வைஃபையில் இணைத்து வையுங்கள். சிம் மடக்குப் போனில் இருந்தாலும், பழைய எண்ணில் பதிந்த வாட்ஸ்அப் அங்கே தொடர்ந்து வேலை செய்யும். மறுபடி சரிபார்க்கக் குறியீடு கேட்டால் அது மடக்குப் போனுக்கு மெசேஜாக வரும். பேரப்பிள்ளைகள் முகம் பார்த்துப் பேச ஸ்மார்ட்போன், வெளியே போகும்போது மடக்குப் போன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

12. எத்தனை நாள், எப்படி?

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், ஒரே ஒரு புதிய விஷயம். முதல் மூன்று நாள் அடிவரியும் எடுப்பதும் மட்டும். நான்காம் நாள் விரைவழைப்பு. மெசேஜ் படிப்பது ஐந்தாம் நாள். ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடம் முந்தைய நாளின் பாடத்தை அவர்களே உங்களுக்குச் சொல்லிக்காட்டட்டும்.

ஒரு வாரம் கழித்து அழைப்புப் பட்டியலைத் திறந்து, தவறிய அழைப்புகளை நேரத்தோடு பாருங்கள். எங்கே சிக்கல் என்று அவர்கள் வாயால் சொல்லாததை அது சொல்லும். அத்தையின் பட்டியலில் தவறியவை எல்லாம் மத்தியானம் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் இருந்தன. அது அவர் படுக்கும் நேரம், போன் கூடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். சார்ஜரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தேன்.